ஷிப்ட் மாறும் நேரத்தில் டீ வராது

செய்தி ரேவதி அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது.

ஜூஜுவாடி நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தினமும் அந்த நேரத்துக்கு எங்கள் வாட்ஸப் குழுவில் அக்காவிடமிருந்து ஒரு கேள்வி வரும். எப்போதும் ஒரே கேள்விதான்: நேற்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? அவர் பெயர் திரையில் தெரிந்ததும், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே, "பூரி, அக்கா" என்று தட்டி அனுப்பிவிட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் "களி, கீரை" என்று போட்டிருந்தார். எனக்குப் பின்னால் ஒருவர் "கேன்டீன் பொங்கல், பாதிதான்" என்று போட்டார். அதற்குப் பிறகுதான் திரையை மேலே தள்ளிப் படித்தேன்.

"ரேவதி விடியற்காலை தவறிவிட்டாள். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே. சாயங்காலம் மத்தூரில் அடக்கம். நாகராஜ்."

நாகராஜ் அண்ணன் அக்காவின் கணவர். அவர் மனைவி இறந்த செய்திக்குக் கீழே வரிசையாகப் பூரி, களி, பொங்கல். உலகத்தில் வேறு யாருடைய சாவுச் செய்திக்காவது இப்படிப் பதில் போயிருக்குமா என்று தெரியவில்லை. கம்பெனி பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் ஏறினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு எங்கே ஆரம்பித்தாலும் தலைவரைப் பற்றிப் பேசுகிற தொண்டனைப் போல ஆகிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி அக்கா ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். மத்தூர்ப் பக்கம் சொந்த ஊர், ஜூஜுவாடியில் வாடகை வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, லைனில் தமிழ், அத்திப்பள்ளிச் சந்தையில் கன்னடம். இத்தனைக்கும் நடுவில் 'மறதிக்காரி' என்று ஒரு வீடியோ சேனல். மனித ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் இவ்வளவு ருசியாகச் சொன்னவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. எனக்குத் தெரிந்தது முழுக்க இணையத்தில் தேடிப் படித்ததுதான். அதனால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவள். சர்க்யூட் போர்டுகள் செய்யும் கம்பெனியில் பயிற்சி. எந்த வயர் எந்த நிறத்தில் எங்கே போகும் என்று தலையில் நிற்கவே இல்லை. "சோத்துக்கு உப்பு போட்டுத்தான் சாப்பிடறியா?" என்று லைன் லீடர் கேட்ட அன்று, ஹாஸ்டலில் உட்கார்ந்து மறதி போக என்ன செய்வது என்று தேடினேன். வல்லாரைக் கீரை, வல்லாரை லேகியம், வல்லாரை மாத்திரை. அதற்கு நடுவே, கம்பெனி யூனிஃபார்மும் சேஃப்டி ஷூவுமாக ஒரு பெண் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"வணக்கம். நான் மறதிக்காரி. இன்னிக்கு காலையில ஸ்டவ்வ அணைச்சனா இல்லியானு கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தவ. அதனால இதப் பேசற தகுதி எனக்கு இருக்குது."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்டவ் அணைச்சத நான் மறக்கல. அது உள்ளயே போகல. கை அணைச்சுது, மனசு அதுக்குள்ள பஸ் ஸ்டாப்புக்கு ஓடிடுச்சு. உள்ள போகாதத எங்கன்னு போய்த் தேடறது? நாளைக்கு அணைக்கும்போது ஸ்டவ்வப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. 'சாயங்காலம் பாக்கலாம்டா'ன்னு சொல்லுங்க. கேட் பக்கம் வந்து சந்தேகம் வந்தா, அந்த வார்த்தை வந்து நிக்கும்."

ஹாஸ்டலில் என் அறைத் தோழிகள் நான் சுவிட்சுகளோடு பேசுவதைப் பார்த்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

அடுத்த வீடியோவில் அவர் ஊருக்குப் போகும் பஸ் பாதை வந்தது. எதையாவது வரிசையாக ஞாபகம் வைக்க வேண்டுமானால், நமக்குத் தெரிந்த பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றை இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்றார். மளிகைச் சாமானை வைத்துச் செய்து காட்டினார். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் துவரம்பருப்பு மழை. சூளகிரியில் ஒரு தேங்காய் கை காட்டி லிஃப்ட் கேட்கிறது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பெரிய பூசணிக்காய் ஒன்று ரோட்டின் நடுவில் நின்று, "எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க டோல் கட்டறதில்ல" என்று சண்டை போடுகிறது. அந்தச் சாமான்களை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் என் வயர்களைக் கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் ஒவ்வொரு கடை வாசலிலும் கட்டித் தொங்கவிட்டேன். பயிற்சியில் தேறினேன்.

தேறிய சந்தோஷத்தில் அவருக்கு முதல் முறையாக ஒரு கருத்து எழுதினேன்: "அக்கா, உங்க மூளை ஹார்ட் டிஸ்க்." பதில் வந்தது. நான் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். "ஹார்ட் டிஸ்க் இல்ல கண்ணு, ரசம். ஒவ்வொரு தடவ எடுத்து சூடு பண்றப்பவும் கொஞ்சம் ருசி மாறும். நமக்கு அதே ரசம்னு தோணும்."

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. தன் வாழ்க்கையிலிருந்து எதைச் சொன்னாலும், முடிக்கும்போது, "தப்பா இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஞாபகம்" என்பார். நாங்கள் அதைத் தன்னடக்கம் என்று நினைத்தோம். குழுவில் ஒருவரையொருவர் கிண்டல் செய்ய அதைப் பயன்படுத்தினோம். ஏனென்றால் அவர் ஞாபகம் தப்பவே தப்பாது என்பதுதான் எங்கள் நம்பிக்கை. கம்பெனியிலும் அப்படித்தான். ஒரு தகட்டில் கீறலைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஆயுத பூஜைக்கு முன்னாடி வந்த லாட்லயும் இருந்துச்சு, போய்ப் பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். லைனில் அவருக்குக் 'கேமரா' என்று பெயர். நான் அவர் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி 'ஓசூரின் கேமரா மூளை' என்று பரப்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினார்.

"கேமரானு போடாத செல்வி. கேமராவுக்கு யார் மேலயும் கோவமும் கிடையாது, பாசமும் கிடையாது. எனக்கு ரெண்டும் இருக்குது."

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்த நாளைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அக்கா வேலை பார்த்த கம்பெனியில் வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட்டில் இருந்தவர்கள் அடுத்த திங்கள் முதல் மதிய ஷிப்ட்டுக்கு வருவார்கள். அக்காவுக்கு மட்டும் எப்போதும் பகல் வேலைதான். அப்படி மாறிய ஒரு திங்கட்கிழமை, மதிய ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பிரஸ் மெஷின் ஒன்றில் ஒரு தொழிலாளியின் விரல்கள் நசுங்கின. நல்லவேளை, விரல்கள் பிழைத்தன. கை உள்ளே போகாமல் தடுக்கும் சேஃப்டி கார்டை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். காலையில் அது இருந்திருக்கிறது. எனவே ஷிப்ட் மாறிய அந்த இடைவெளியில்தான் யாரோ கழற்றியிருக்க வேண்டும். அந்த மூலையில் கேமரா இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலிருந்து கிளம்பி அந்த வழியாக நடந்துபோன அக்காவை ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அக்கா, "குமரேசன் அங்க நின்னுகிட்டு இருந்தாப்பல, கையில ஸ்பேனர் இருந்துச்சு" என்று சொன்னார். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. கேமரா சொல்லிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை வந்து அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள்.

குமரேசன் அண்ணன் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிரந்தரமாக்குவதற்கான நேர்காணலுக்கு அவர் பெயர் போயிருந்தது. அதை நம்பித்தான் மனைவியையும் கைக்குழந்தையையும் காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்கு அழைத்து வந்திருந்தார். இந்தப் பழி விழுந்தால் அந்தத் தொழிற்பேட்டையில் எந்த கம்பெனிக் கதவும் அவருக்குத் திறக்காது. அவர் சனிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பிடித்து, "நீங்க சொன்னா அது சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கறாங்கக்கா. அதனாலதான் கேக்கறேன். நான் அன்னிக்கு அந்த மெஷின்கிட்டயே போகல" என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அக்கா வீட்டுக்குப் போனது அன்றுதான். எவ்வளவு கனவோடு போயிருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாகராஜ் அண்ணன் தன் குட்டி யானை லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். வீடியோவில் பார்த்த அதே சமையலறை. ஆனால் அக்கா வீடியோவில் பார்த்த அக்கா இல்லை. என்னிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அவன் கண்ணு பொய் சொல்லல செல்வி. என் ஞாபகமும் பொய் சொல்லல. ரெண்டும் எப்படி இருக்க முடியும்?"

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த நாகராஜ் அண்ணன் சொன்னார்: "ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றல்ல? அதே மாதிரி நீயும் மொதல்ல இருந்து நடந்து பாரு. எங்க நின்ன, என்ன பாத்த, எல்லாம் சொல்லு."

அக்கா கரண்டியைக் கையில் வைத்தபடியே கண்ணை மூடினார்.

"டேபிள்ல இருந்து எந்திரிச்சு வரேன். இடது பக்கம் ரெண்டாவது பிரஸ். குமரேசன் குனிஞ்சு நிக்கறான். கையில ஸ்பேனர். சட்டை முதுகோட நனைஞ்சு ஒட்டிகிட்டு இருக்குது. என்னப் பாத்ததும் நிமிர்றான். 'டீ எடுத்துக்கங்கக்கா'ன்றான். பக்கத்துல டீ ட்ராலி நிக்குது..."

"இரு இரு" என்றார் அண்ணன். "நான் நாலு கம்பெனிக்கு லோடு அடிக்கறவன். எந்த கம்பெனியில எப்ப டீ வரும்னு எனக்கு அத்துப்படி. உங்க கம்பெனியில ஷிப்ட் மாறற நேரத்துல டீ குடுக்கறாங்களா? எப்ப இருந்து இந்த தாராளம்? சொல்லியிருந்தா வண்டிய அந்த நேரத்துக்குக் கொண்டாந்து நிறுத்தியிருப்பேன்ல."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷிப்ட் மாறறப்ப டீ வராது" என்றார் மெதுவாக. கொஞ்சம் கழித்து, "சட்டை எப்படி நனையும்? அவன் அப்பத்தான வேலைக்கே வரான்" என்றார்.

நடந்தது இதுதான். முந்தைய வாரம் குமரேசன் அண்ணன் காலை ஷிப்ட்டில் அதே மெஷினில்தான் இருந்தார். டீ வரும் நேரத்தில் வேர்த்து விறுவிறுத்துப் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா அதைப் பார்த்தது உண்மை. விபத்துக்குப் பிறகு லைன் முழுக்க, "குமரேசன் மெஷின்தான அது, அவனாத்தான் இருக்கும்" என்று பேச்சு. பேச்சு சேரச் சேர, முந்தைய வாரத்துப் படம் நகர்ந்து வந்து திங்கட்கிழமையில் உட்கார்ந்துகொண்டது. டீ ட்ராலியையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்திருந்தது. அது மட்டும்தான் அதன் தவறு.

"பொய் ஞாபகம்னா மங்கலா இருக்கும்னு நெனச்சிருந்தேன். இவ்ளோ பளிச்சுன்னு இருக்குதே" என்றார் அக்கா.

"அப்ப நாளைக்குப் போயி, அவுக பண்ணலைன்னு சொல்லிருங்கக்கா" என்றேன் நான்.

"அதுவும் எனக்குத் தெரியாதே செல்வி."

"கேமரா கேமரானு கூப்பிடறவங்க நாளைக்கு என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா?" என்று கேட்டார் அண்ணன்.

"யோசிச்சேன். பஜ்ஜி கருகுது, எடுங்க."

திங்கட்கிழமை நடந்ததை எனக்குக் குமரேசன் அண்ணனே பின்னால் சொன்னார். அவரையும் உட்கார வைத்துத்தான் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசியிருக்கிறார்.

"நான் சொன்னது அதுக்கு முந்தின வாரத்து ஞாபகம் சார். அந்தத் திங்கக்கிழமைக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அப்ப இவன் செய்யலைன்னு சொல்றீங்களா?"

"அதயும் சொல்ல மாட்டேன். அந்த எடத்துல எனக்கு வெறும் எடம்தான் இருக்குது."

"என்னம்மா இது? உங்க ஒருத்தர் பேச்ச நம்பித்தான இவ்ளோ தூரம் வந்தோம்?"

"அதனாலதான் சார் வந்தேன்."

வெளியே வந்ததும் குமரேசன் அண்ணனுக்குக் கோபம். நன்றி சொல்லவில்லை. "நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சேத்து சொல்லியிருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா சொன்ன பதில்: "தெரியாதத உனக்கு எதிரா சொன்னேன், அது தப்பாப் போச்சு. தெரியாதத உனக்காக சொன்னா மட்டும் சரியாயிடுமா தம்பி?"

வேறு சாட்சி இல்லாததால் விசாரணை பொது எச்சரிக்கையோடு முடிந்தது. சாவி இல்லாமல் கழற்ற முடியாதபடி எல்லாப் பிரஸ்ஸுக்கும் கார்டை மாற்றினார்கள். யார் கழற்றினார்கள் என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. குமரேசன் அண்ணன் நேர்காணலுக்குப் போனார். நிரந்தரமானார். அக்காவைத்தான் லைனில் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். "என்ன கேமரா, ரோல் தீந்துருச்சா?" என்று ஒருவர் கேட்க, "ரோல் நெறைய இருக்குது, ஃபோகஸ்தான் போயிடுச்சு" என்று அவரே சொல்லிச் சிரித்தாராம்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. யார் பெயரும் சொல்லாமல், 'நான் தப்பா ஞாபகம் வெச்சிருந்தேன்' என்று ஒரு வீடியோ போட்டார். அதில் அழுகை இல்லை, பின்னணி இசை இல்லை. டீ ட்ராலி கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். அவ்வளவுதான். நிறையப் பேர் சேனலை விட்டுப் போனார்கள். "இனிமே உங்கள எப்படி நம்பறது?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அக்கா அவருக்குப் போட்ட பதில்: "முழுசா நம்பாதீங்க. அதான் நல்லது." ஞாபகத்தைப் பற்றி அவர் போட்ட அத்தனை வீடியோக்களிலும் இதுதான் உச்சம் என்பேன். யாராவது மறுத்தால் சண்டைக்குத் தயார். ஞாபக சக்திக்குப் பெயர் வாங்கியவர்கள் நிறைய இருப்பார்கள். அந்தப் பெயரையே மேசை மேல் கழற்றி வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

காலைக் கேள்வியும் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காலைச் சாப்பாட்டை ஏன் கேட்கிறார் என்று யாரோ கேட்டதற்கு, "வாரா வாரம் அதேதான் சாப்பிடறோம். அதனால ஈஸியா எடம் மாறிப் போகும். நேத்து சாப்பிட்டதா, முந்தா நாள் சாப்பிட்டதா? ரெண்டு தடவ யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

மத்தூரில் அவரைப் படுக்க வைத்திருந்த வீட்டு வாசலில், ஒருவரையொருவர் பெயரளவில் மட்டுமே தெரிந்த நாங்கள் கொஞ்சம் பேர் நின்றோம். நாகராஜ் அண்ணனிடம் போய், "அண்ணே, குழுவுல நாங்க தெரியாம போட்டதெல்லாம் அழிச்சிருதோம்" என்றேன்.

"அழிக்காதம்மா" என்றார். "வண்டியில வரும்போது அத்தனையும் படிச்சேன். அவ பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

திரும்பும்போது, அடக்கத்துக்கு வந்திருந்த குமரேசன் அண்ணனும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தோம். பஸ் கிளம்பியதும் அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஹெச்.ஆர். ரூம்ல அவங்க நின்னது இன்னும் அப்படியே கண்ணுல இருக்குதும்மா. யூனிஃபார்ம் போட்டுகிட்டு, நேரா பாத்துகிட்டு, கையில டீ டம்ளர். அந்த டம்ளர் ஒரு ஆட்டம் ஆடல. அவ்ளோ தைரியம்."

அன்று தொண்டை வறண்டு குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் நின்றதாக அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். அந்த அறைக்குள் யாரும் டீ கொண்டுபோக மாட்டார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் ஜன்னலைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"டம்ளரா... அங்க யாரு டீ குடுத்தா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பா இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஞாபகம்" என்றார்.

"இருக்கட்டும்ணே" என்றேன்.

இருக்கட்டும். இனி ஒவ்வொரு முறை எடுத்துச் சூடு பண்ணும்போதும் அக்கா எங்களுக்குள் கொஞ்சம் மாறுவார். ஒருவரிடம் கையில் டம்ளரோடு நிற்பார், இன்னொருவரிடம் கரண்டியோடு. அவர் சொன்னபடியேதான் நடக்கப்போகிறது. பஸ் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நின்றது. எட்டிப் பார்த்தேன். ரோட்டின் நடுவில் அந்தப் பூசணிக்காய் இன்னும் டோல் கட்டாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

கைபேசியை எடுத்தேன். காலையில் அனுப்பியதை ஒரு முறை பார்த்தேன். கண்ணை மூடி, ஹாஸ்டல் சாப்பாட்டு அறைக்குள் மெதுவாக நடந்து, தட்டில் என்ன இருந்தது என்று பார்த்தேன். பிறகு அக்காவின் எண்ணுக்கு எழுதினேன்.

"அக்கா, நேத்து காலையில உப்புமா. பூரி முந்தா நாள். ரெண்டு தடவ யோசிச்சுட்டேன். போயிட்டு வாங்க."